மயக்கத்தில் உன்னைச் சோதனை போட்டேனாம்

எய்யா, அடுத்த மாதம் வயிற்றில் போட்ட ஓட்டையை மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெட்டி எடுத்த இடத்தில் குடல் நன்றாக ஆறிவிட்டதாம். இத்தனை மாதமாகச் சேலைக்குள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, மலத்தை வாங்கிக்கொண்டு கிடக்கிற இந்தப் பை இனி வேண்டாமாம். போனில் உன்னிடம் சொன்னேன். "அப்படியாம்மா, ரொம்ப நல்லதும்மா" என்றாய். "நீ வருவியாய்யா?" என்று கேட்டேன். எந்தத் தேதி, எந்த டாக்டர் என்று கேட்டாய். அப்புறம், "லீவு பார்க்கணும்மா. பாக்கியம் அத்தை கூட இருப்பாங்கள்ல? நான் டாக்டர்கிட்ட போன்லயே பேசிக்கிறேன்" என்றாய். சரிய்யா என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்பில் உலை கொதித்து வழிந்து அணைந்ததுகூடத் தெரியாமல் அப்படியே நின்றேன். மறுபடியும் என்னை மயக்கப் போகிறார்கள். மறுபடியும் நான் முழிக்கப் போகிறேன். நீ யோசிப்பது லீவுக்காக இல்லை, முழிக்கும்போது இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்றுதான். அது எனக்குத் தெரியும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அப்பாவுக்குக்கூட நான் கடிதம் எழுதியதில்லை. காலையில் ஒன்றாகக் கிளம்பி, சாயங்காலம் ஒன்றாகத் திரும்பிய எங்களுக்குள் எழுத என்ன இருந்தது? பத்தாவதோடு நின்றுபோன கையெழுத்து. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மருமகள் நந்தினி படித்தாலும் சரி, பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினாலும் சரி, எனக்கு வெட்கமில்லை. போனில் இதைப் பேச முடியாது. நான் ஆரம்பித்தால் நீ, "விடும்மா, அதெல்லாம் எதுக்கு" என்று அடைத்துவிடுவாய். இப்போதெல்லாம் நீ பேசுவது எப்படி இருக்கிறது தெரியுமா? மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, சரி வைக்கட்டுமா. முன்னால் "எம்மா, சாப்பிட்டியா, என்ன குழம்பு, காந்திருச்சா?" என்று வம்பிழுப்பாய். திருத்தங்கலில் பிறந்து வளர்ந்த பிள்ளை என்னிடம் போய் மரியாதையாகப் பேசுகிறாய். பேங்கிலிருந்து பேசுகிறார்களோ என்று ஒருநாள் வைத்துவிடப் பார்த்தேன்.

நந்தினியை ஏசாதே, அவள்தான் சொன்னாள். அவளும் தானாகச் சொல்லவில்லை. "ஏன்த்தா, அவன் எங்கிட்ட எதுவும் கோவமா இருக்கானா?" என்று நான் குடைந்து கேட்டதில் அழுதுவிட்டாள். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. ஆஸ்பத்திரியில நீங்க சொன்னதை அவரால மறக்க முடியலை. மயக்கத்துலதான் மனசுல உள்ளது வெளிய வரும், அம்மா இத்தனை வருஷமா உள்ள வச்சிருந்ததைச் சொல்லிட்டாங்கன்னு சொல்றாரு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் என்ன சொன்னேன்? எப்போது சொன்னேன்? சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியாது, எய்யா. முகத்தில் ரப்பர் வாடையோடு எதையோ வைத்து அமுக்கினார்கள், அது ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் மறுநாள் காலை. ஜன்னலில் வெயில், பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் உன்னுடைய தோள்பை. பையைப் பார்த்ததும், அடடா, பிள்ளை வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். நீ எங்கே என்று பாக்கியத்திடம் கேட்டேன். டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றாள். டீ குடிக்கவா ஒரு மனுஷனுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

நந்தினி சொன்ன அன்றே பாக்கியம் வீட்டுக்குப் போய் நின்றேன். வாளியில் பாத்திரத்தைப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என்னை வலியோடு ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு விருதுநகருக்குப் போனவள் அவள். உனக்குப் போன் போட்டவளும் அவள். "அதை எதுக்கு இப்பக் கெளறுத? மயக்கத்துல கிடந்தவுக ஆயிரம் பேசுவாக" என்று முகத்தைத் திருப்பினாள். "நீ சொல்லலைன்னா நான் இங்கனயே உக்காந்திருப்பேன்" என்றேன். பாதி சொன்னாள். மீதியை, அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது அந்த நர்ஸ் பிள்ளை சொன்னாள். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளை, அவள் வீட்டிலும் பட்டாசு வேலைதான். இரண்டு பேரும் சொன்னதைச் சேர்த்து உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். நீ நேரில் பார்த்ததுதான். ஆனால் நீ கொஞ்சம்தான் பார்த்தாய். முழுசும் கேட்டுக்கொள்.

ஆபரேஷன் முடிந்து என்னைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். மதியம் சாய்ந்த நேரமாம். கண்ணைத் திறந்ததும் மூக்கில் போட்டிருந்த டியூபைப் பிடுங்கியிருக்கிறேன். கிழித்துத் தைத்த வயிற்றோடு எழுந்து உட்காரப் பார்த்திருக்கிறேன். ஓடிவந்த நர்ஸைப் பார்த்து, "கையத் தூக்கு" என்றேனாம். தூக்கி உட்காரவைக்கச் சொல்கிறேனாக்கும் என்று அவள் குனிந்திருக்கிறாள். நான் அவளுடைய இடுப்பைத் தடவி, கோட்டுப் பைக்குள் கைவிட்டு, செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேனாம். "எத்தனை மட்டம் சொல்றது? உள்ள மருந்து காயுது, நீ போனைக் கொண்டுக்கிட்டு வாரே. பிள்ளகுட்டி இருக்கா இல்லையா உனக்கு?" அவளுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "எடுத்துக்கோங்கம்மா, போகும்போது வாங்கிக்கிறேன்" என்று நின்றாளாம். பெரிய டாக்டர் வந்திருக்கிறார். அவரையும் விடவில்லை. "கழுத்துல என்ன இரும்பு? கழட்டி வச்சுட்டு வாங்க. சூப்பர்வைசரா இருந்தா எனக்கென்ன?" என்றேனாம். பக்கத்துக் கட்டில்காரம்மாவைக் காட்டி, "இவ ரவிக்கைக்குள்ள போன் வச்சிருக்கா, எனக்குத் தெரியும்" என்று சத்தம் போட்டேனாம். பாவம், அந்தம்மா இரண்டு நாள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் என்று நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் சிரிப்பு வந்தது. இருபது வருஷத்துக்கும் மேலே பட்டாசுக் கம்பெனி கேட்டில் நின்று பொம்பளையாட்களைச் சோதனை போட்டவள் நான். மருந்து அறைக்குள் போன் போகக்கூடாது, தீப்பெட்டி போகக்கூடாது, இரும்பு போகக்கூடாது. என் கையைத் தாண்டித்தான் அத்தனை பேரும் உள்ளே போக வேண்டும். அந்த வேலை என் கையில் ஊறிக்கிடக்கிறது. நான் எழுந்திருக்கும் முன்னால் என் கை எழுந்து வேலைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் நீ வந்தாய். மதுரை ஏர்போர்ட்டிலிருந்து நேராக, தோளில் பையோடு. தெரிந்த முகத்தைப் பார்த்தால் அடங்குவாள் என்று உன்னை உள்ளே விட்டார்களாம். "எம்மா" என்று கூப்பிட்டாயாம். நான் உன்னையும், "கையத் தூக்கு" என்றேன். நீ தூக்கினாய். பூனாவில் கார் கம்பெனியில் அத்தனை பேரை வேலை வாங்குகிற என் பிள்ளை, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாயாமே! நான் உன்னுடைய அக்குளைத் தடவி, விலாவைத் தடவி, இடுப்பைச் சுற்றித் தடவி, ஒவ்வொரு பையாகத் திருப்பி, போன், சாவி, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேனாம். "உங்க மகன் கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டே சிரிச்சாருங்கம்மா" என்றாள் அந்தப் பிள்ளை. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"எந்த ஊரு? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டேனாம். "எம்மா, நான்தாம்மா. உம் மகன்" என்றாயாம். நான் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எம் மகனா? அவன் எங்க வரப்போறான்? அவன் அப்பன் சாகக் கிடக்கையிலேயே சனிக்கிழமை வாரேன்னு சொன்னவன். அந்த மனுசன் வெள்ளிக்கிழமை வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்து போய்ச் சேர்ந்தாரு. நான் செத்தாலும் அவன் சனிக்கிழமைதான் வருவான். நீ யாரோ எவரோ, போ. ஆளில்லாதவ கட்டிலுக்கிட்ட உனக்கென்ன வேலை?" என்று சொல்லி, நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேனாம். நீ கட்டிலில் கிடந்த உன் சாமான்களைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டாயாம். பாக்கியம் இதைச் சொல்லும்போது நான் அவள் வீட்டு வாசற்படியைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நீ என்னோடு இருந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கையுறை போட்டுக்கொண்டு இந்தப் பையை மாற்றக் கற்றுக்கொண்டாய். பெற்ற மகளே மூக்கைப் பிடிக்கிற வேலை. நீ மூக்கைப் பிடிக்கவில்லை. ஆனால் என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளை களைத்துப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்குக் கிளம்பும்போது, "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றாய். அந்த 'பார்த்துக்கோங்க'வில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

மயக்க டாக்டர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு. அவளிடம் நேராகவே கேட்டேன், மயக்கத்தில் வருவது உண்மையா என்று. "அம்மா, மருந்து இறங்கும்போது எல்லாம் ஒண்ணா முழிக்காது. கையும் வாயும் முதல்ல முழிச்சுக்கும். ஆளு முழிக்க நேரமாகும். உங்களுக்கு வயசு, காய்ச்சல், அவசர ஆபரேஷன், வலி எல்லாம் சேர்ந்துக்கிச்சு. அப்பப் பேசுறதை வச்சு யாரும் எதையும் முடிவு பண்ணக்கூடாது" என்றாள். "அப்பப் பேசுனது நான் இல்லையாத்தா?" என்றேன். "வாய் உங்களுதுதான். நீங்க அங்க இல்லை" என்று சிரித்தாள். இந்தத் தடவையும் அப்படி ஆகுமா என்று கேட்டேன். "ஒருதடவ வந்தவங்களுக்கு மறுபடி வரலாம்மா. இப்பவே சொன்னது நல்லதாப்போச்சு, நாங்க பார்த்துக்கிறோம். மூக்குக்கண்ணாடியை மறக்காமக் கொண்டு வாங்க. சொந்த ஆளு யாராவது பக்கத்துல இருந்து பேச்சுக் கொடுத்தா சீக்கிரம் தெளியும்" என்றாள்.

"அதையே அப்படியே சொல்லிரு. மருந்து வேலைன்னு சொன்னா முடிஞ்சுபோச்சு" என்கிறாள் பாக்கியம். முடிந்துதான் போகும். ஆனால் எத்தனை பேரை, மடியில் இருப்பதை எடுத்து வெளியே வை என்று நான் அதட்டியிருப்பேன்! என் மடியில் இருப்பதை மட்டும் மறைத்துக்கொண்டு உன் வீட்டுக்குள் வர எனக்கு மனசில்லை. அந்தக் கோபம் எனக்குள் இருந்ததுதான், எய்யா. அப்பா கிடந்த வார்டின் கதவு கிறீச்சென்று சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தலையைத் தூக்குவார். "ரயில்ல வந்துக்கிட்டு இருக்கான், பேசாமப் படுங்க" என்று நான் பொய் சொல்வேன். நீ ஆபீஸில் ஏதோ ஆடிட் என்று சொன்னாய். ஆடிட் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பரீட்சை போலவாக்கும், பிள்ளை நன்றாக எழுதட்டும் என்று அவர் சொன்னார். அப்புறம் நீ வந்து, மொட்டை போட்டு, கொள்ளி வைத்து, காரியம் எல்லாம் செய்தாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா ஏசுவாள், ஏசுவாள் என்று நீ வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததும் எனக்குத் தெரியும். நாலு வருஷமாக நீ அதற்காகக் காத்திருந்ததும் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் உன் மேல் அப்படி விழுந்தது.

ஆனால் என் பிள்ளையிடம் ஒரு நியாயம் கேட்கிறேன். நீ வெளியே போன கொஞ்ச நேரத்தில் நான் இன்னொன்றும் சொன்னேனாம். பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய விடு பாக்கியம். வெளிய அவுக டிவிஎஸ்ஸ வச்சுக்கிட்டு நிக்கிறாக. நேரமானா ஏசுவாக" என்றேனாம். அப்பன் செத்துப்போனான் என்று உன்னிடம் சொன்ன அதே வாய்தான். அச்சாபீஸில் பேப்பர் வெட்டிவிட்டு, தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே எனக்காக நிற்பாரே, அப்படி நிற்கிறார் என்றிருக்கிறேன். இறங்கிப் போகிறேன் என்று காலைத் தொங்கப் போட்டுவிட்டேனாம், மூன்று பேர் பிடித்துப் படுக்கவைத்தார்களாம். மயக்கத்தில் வருவதெல்லாம் உண்மை என்றால், அப்பாவும் அன்றைக்கு வெளியே வண்டியோடு நின்றிருக்க வேண்டும். நீ வராந்தாவில்தானே உட்கார்ந்திருந்தாய், பார்த்தாயா? பக்கத்துக் கட்டில்காரம்மா ரவிக்கைக்குள் போன் வைத்திருந்தாளா? எடுத்தால் எல்லாவற்றையும் எடு, இல்லையென்றால் எல்லாவற்றையும் விடு. நான் பேசிய அம்புட்டிலும் உனக்கு வலிக்கிற ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு பூனாவுக்குப் போனாயே, அது என்ன நியாயம்?

கோபம் ஒன்றுதான் எனக்குள் இருக்கிறதா? உன்னைப் பற்றிப் பீற்றிப் பீற்றி எதிர்த்த வீட்டுக்காரி என்னைக் கண்டாலே கதவை அடைத்துக்கொள்கிறாள், அது இருக்கிறது. உனக்குப் பிடிக்கும் என்று வாங்கிய கருப்பட்டி மிட்டாய் டப்பாவில் உருகிப்போய்க் கிடக்கிறது, அது இருக்கிறது. நீ கார் ஓட்டும்போது போன் பேசுவாயோ என்ற பயம் இருக்கிறது. கோபம் அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரத்தில் நின்றது. அன்றைக்குக் கதவு திறந்த நேரம் முண்டியடித்துக்கொண்டு அது முதலில் வந்துவிட்டது.

உன் அப்பாவோடு நான் எப்படிக் குடும்பம் நடத்தினேன் என்று நினைக்கிறாய்? காலண்டர் சீசனில் ராவும் பகலும் மெஷினில் நின்றுவிட்டு வந்து விழுவார். எழுப்பினால் போதும், முதல் வார்த்தை வசவுதான். நான், என் அம்மா, என் அண்ணன், யாரையும் விடமாட்டார். கல்யாணமான புதிதில் நான் மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். "ஏன் பேசமாட்டேங்குத?" என்று அவர் அப்பாவியாகக் கேட்பார். அப்புறம்தான் பழகிக்கொண்டேன். முகத்தைக் கழுவி ஒரு வாய் டீ உள்ளே போகும் வரைக்கும் அந்த மனுஷன் பேசுவதை நான் காதில் வாங்குவதே இல்லை. நந்தினியிடமும் நீ அப்படி இரு. ஒருத்தர் அரைத்தூக்கத்தில், காய்ச்சலில், ஆத்திரத்தில் பேசியதை ஆணியடித்து மாட்டிவைக்காதே. உனக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது, அப்பாவின் ரத்தம். ஒருநாள் அவளும் உன் வார்த்தையை இப்படித் தூக்கிக்கொண்டு போனால் தெரியும்.

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பையோடு கேட்டில் நிற்க முடியாது என்று வேலையை விட்டேன். ஆனைக்குட்டம் ரோட்டில் கம்பெனி வேன் காலையில் ஆரன் அடித்துக்கொண்டு போகும். நான் பல் விளக்கிக்கொண்டு நிற்பேன். முதலில் எல்லாரும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்தார்கள். அப்புறம் தீபாவளி ஆர்டர் வந்துவிட்டது, அவர்களுக்கு ஏது நேரம். கல்யாணம், சடங்கு எதற்கும் போவதில்லை. வாடை வந்துவிடுமோ, பை ஊதிக்கொள்ளுமோ என்று பயம். பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்கிறேன். தினமும் காலையில் இருநூறு பெண்களைத் தொட்ட கை இது, எய்யா. இடுப்பைத் தொட்டாலே எவள் முழுகாமல் இருக்கிறாள் என்று அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். எவள் முதுகில் அடி விழுந்திருக்கிறது, எவள் காய்ச்சலோடு வந்திருக்கிறாள், எல்லாம் தெரியும். "அக்கா, கூச்சமா இருக்கு" என்று நெளிவார்கள். இப்போது நான் யாரையும் தொடுவதில்லை, என்னையும் யாரும் தொடுவதில்லை. பாக்கியம்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் உட்காருகிறாள். வீட்டுக்குள் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, சாயங்காலம் பால்காரனிடம் பேசினால் என் குரல் எனக்கே கரகரவென்று கேட்கிறது.

இதில் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற ஒரு துக்கம் உண்டு. மீசை முளைத்த பிறகு நீ உன்னைத் தொடவிட்டதில்லை. தலையைத் தடவினால் ஒதுங்கிக்கொள்வாய். ஊருக்குப் போகும்போது கையைப் பிடிப்பேன், அவ்வளவுதான். அன்றைக்கு நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். நான் உன்னைத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் முழுசாகத் தொட்டிருக்கிறேன். விலா எலும்பு துருத்திக்கொண்டு இருந்ததா, தொப்பை போட்டிருந்ததா, உடம்பு சுட்டதா, எனக்குத் தெரியவில்லை. என் கைக்குத் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறது. நர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன், நன்றாகத் தொட்டேனா, ரொம்ப நேரம் தொட்டேனா என்று. அவள் ஒருமாதிரி பார்த்தாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவும் தோன்றியதில்லை. ஒன்றாவது படிக்கும்போது உனக்கு டான்சில் எடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம், ஐஸ் தின்றது கட்டாயம் ஞாபகம் இருக்கும். முழித்தது ஞாபகம் இருக்காது. கண்ணைத் திறந்தாய், என்னைப் பார்த்தாய், கத்தினாய் பார், ஆஸ்பத்திரியே கூடிவிட்டது. "நீ எங்க அம்மா இல்ல! எங்க அம்மாவ வரச்சொல்லு! நீ போ, நீ போ!" உதைத்தாய். தூக்கப்போன என் கையைக் கடித்தாய். அப்பா தூக்கினார், அவரிடமும் திமிறினாய். என்னைக் கைநீட்டிக் காட்டி, "அவளைப் போகச்சொல்லு" என்றாய். உன்னைப் பெற்றவளை! "பிள்ளை உங்களைப் பார்த்துத்தான் பயப்படுறான், கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று ஆயா சொன்னாள். சுற்றி நின்ற சனம் என்னை எப்படிப் பார்த்தது தெரியுமா, பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போல. எனக்கு அவமானம், அழுகை, கடித்த இடத்தில் எரிச்சல். நான் போகவில்லை. உன் கண்ணில் படாமல் கட்டில் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நீ கத்திக் கத்தி ஓய்ந்தாய். கண் சொருகித் தூங்கினாய். மறுபடி முழித்து, "எம்மா" என்றாய். எழுந்து முகத்தைக் காட்டினேன். "எங்க போன? தொண்டை வலிக்கு" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். நீ போகச்சொன்னாயே என்று பஸ் ஏறி வந்துவிட்டேனா நான்? அம்மா இல்லை என்று சொல்லிவிட்டான், மனசில் இருந்ததுதான் வந்தது என்று கணக்கு வைத்தேனா?

நீ செய்தது தப்பு என்று சொல்லவில்லை. நெஞ்சில் கைவைத்துத் தள்ளினால் யாரும் வெளியேதான் போவார்கள். அப்போது நான் ஆறு வயதுப் பிள்ளையின் அம்மா, எனக்கு அது லேசு. வளர்ந்த பிள்ளைக்கு அது லேசில்லை. அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன். அடுத்த மாதம் வா, எய்யா. வெளியில் இருந்து டாக்டரிடம் போனில் பேச வேண்டாம். நான் முழிக்கிற இடத்தில் நில். உன்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டாலும் கேட்பேன். அப்பா பேச்சை எடுத்தாலும் எடுப்பேன். அன்றைக்குச் சொன்னதைவிட மோசமாகவும் ஏதாவது வந்து விழலாம், இந்த வாயை எனக்கே நம்பிக்கையில்லை. திட்டினால் திட்டட்டும் என்று இரு. துரத்தினால் கால்மாட்டில் போய் உட்கார். ரொம்ப நேரம் ஆனால் ஒரு டீ வாங்கிவரச் சொல்லி அங்கேயே குடி, வெளியே மட்டும் போகாதே. நான் தெளிந்து கண்ணைத் திறக்கிற நேரம் அந்த ஸ்டூலில் பை மட்டும் இருந்தால், மயக்கத்தில் நான் பிதற்றியது அத்தனையும் மெய்யாகிப் போகும். அதைப் பொய்யாக்க எந்த டாக்டராலும் ஆகாது, என்னாலும் ஆகாது. மயக்கத்தில், என் மகன் எங்கே வரப்போகிறான் என்றுதான் மறுபடியும் சொல்வேன். நீ பக்கத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிரு.